ஒரு மைக்ரான் தூசியை விசாரிப்பது எப்படி: அணுசக்திக் கண்காணிப்பில் துகள் பகுப்பாய்வு

யுரேனியத்தை வாயுவாக்கிச் சுழற்றும் கூடமானாலும் சரி, பொடியாக்கி வில்லையாக அழுத்தும் கூடமானாலும் சரி, எங்காவது கொஞ்சம் தூசி வெளியே வந்தே தீரும். குழாய் இணைப்பைக் கழற்றும்போது வரும், வால்வை மாற்றும்போது வரும், சிலிண்டரைப் பொருத்தும்போது வரும். அந்தத் தூசியில் ஒரு துகளின் அளவு ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துடைத்தாலும் கழுவினாலும் மேலே பெயிண்ட் அடித்தாலும் சில துகள்கள் ஏதாவது ஒரு இடுக்கில் தங்கிவிடும். யுரேனியத்தில் எளிதில் பிளக்கும் வகையான யுரேனியம்-235 பாதியாகக் குறைய ஏறக்குறைய 70 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே காத்திருந்தால் மறைந்துவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் தேடிப் போவது இந்தத் தூசியைத்தான். ஒரு நாடு அறிவித்ததை மட்டும்தான் செய்கிறதா, அறிவிக்காத எதையாவது செய்கிறதா என்ற கேள்விக்கு, சுவரோரத்தில் துடைத்தெடுத்த ஒரு பருத்தித் துணி பதில் சொல்கிறது. துணியில் தொடங்கி முடிவுரை வரை அந்தப் பாதையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். இயற்பியல், வேதியியல் படிக்கும் மாணவர்களையும், செய்தித்தாளில் ‘83.7 சதவீதம் செறிவூட்டிய துகள்’ (அதாவது யுரேனியம்-235இன் பங்கை அந்த அளவுக்குக் கூட்டிய துகள்) என்று படித்துவிட்டு இதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள் என்று யோசித்தவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது. அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்பது உண்மை. ஆனாலும் என் கணிப்பில் அது பாதி வேலைதான். சுத்தமான கையும், தனக்கு எவ்வளவு தெரியும் என்பதை மிகைப்படுத்தாத கணக்கும் மீதிப் பாதி.

எதற்காக ஒற்றைத் துகள்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஒரே உலையில் வெந்த சோற்றுக்கு அது சரி. துடைத்த துணியில் இருப்பதோ பல அடுப்புகளில் வெந்து ஒரே பானையில் கொட்டிய சோறு. அங்கே ஒரு பருக்கை பானைக்குச் சாட்சி சொல்லாது, பானையின் சராசரியும் பருக்கைக்குச் சாட்சி சொல்லாது.

எண்களில் பாருங்கள். இயற்கை யுரேனியத்தில் அணுக்களின் எண்ணிக்கையில் 0.72 சதவீதம் யுரேனியம்-235, 0.0054 சதவீதம் யுரேனியம்-234, மீதி யுரேனியம்-238. மின் உலைகளுக்கான எரிபொருளில் 235இன் பங்கு பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம். 20 சதவீதத்தைத் தொட்டால் அது உயர்செறிவு யுரேனியம். இப்போது ஒரு துணியில் ஒரே அளவிலான 100 துகள்கள் இருப்பதாக வையுங்கள். அவற்றில் 99 இயற்கை யுரேனியம், ஒன்று மட்டும் 90 சதவீதம் செறிவூட்டியது. துணி முழுவதையும் எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து அளந்தால் கிடைப்பது 1.61 சதவீதம். பார்ப்பவருக்கு அது லேசாகச் செறிவூட்டிய எரிபொருள் போலத் தெரியும். அதே துணியைத் துகள் துகளாக அளந்தால் அந்த ஒற்றைத் துகள் தனியாக எழுந்து நிற்கும்.

கரைத்து அளக்கும் மொத்தப் பகுப்பாய்வை யாரும் கைவிட்டுவிடவில்லை. மிக நுண்ணிய அளவில் புளூட்டோனியம் இருக்கிறதா என்று பார்க்க அதுவே நல்ல வழி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. இந்தக் கட்டுரை துகளின் பாதையில் மட்டும் போகிறது.

இந்த முறை வந்த வழி

1991இல் வளைகுடாப் போருக்குப் பின் ஈராக்குக்குள் போன ஆய்வாளர்கள், அந்த நாடு மின்காந்த முறையில் ரகசியமாக யுரேனியத்தைப் பிரித்துவந்ததைக் கண்டார்கள். அதற்கு ஈராக் பயன்படுத்தியது கலுட்ரான் எனும் கருவி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ஹிரோஷிமா குண்டுக்கான யுரேனியத்தைப் பிரித்த அதே வகைக் கருவி அது. கலுட்ரான் என்பதே பெரிதாக்கிய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான். காந்தப்புலத்தில் கனமான அயனி குறைவாக வளையும், இலேசான அயனி அதிகமாக வளையும். குண்டு செய்பவர் அப்படிப் பிரிந்ததைக் கிலோ கணக்கில் சேர்க்கிறார், துகளை அளப்பவர் ஒன்று ஒன்றாக எண்ணுகிறார். குண்டுக்கான பொருளைத் தந்த இயற்பியலும் அதைக் காட்டிக்கொடுக்கும் இயற்பியலும் ஒன்று என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

1992இல் வட கொரியா. 1990இல் ஒரே ஒரு முறை, அதுவும் கிராம் கணக்கில்தான் புளூட்டோனியம் பிரித்தோம் என்று அந்த நாடு அறிவித்திருந்தது. அந்த நாட்டின் யோங்பியோன் அணு வளாகத்தில் துடைத்த மாதிரிகள் வேறு கதை சொல்லின. புளூட்டோனியம்-241 சுமார் 14 ஆண்டு அரை ஆயுளோடு அமெரிசியம்-241ஆக மாறுகிறது. புளூட்டோனியத்தை வேதிமுறையில் தூய்மைப்படுத்தும் நாளில் அமெரிசியம் பூச்சியம், அன்றிலிருந்து அது சேரத் தொடங்கும். ஆக, இரண்டின் விகிதம் ஒரு கடிகாரம். யோங்பியோன் மாதிரிகளில் அந்தக் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டவில்லை. பிரித்தெடுத்தது ஒரு முறை அல்ல என்பது அப்படித்தான் தெரிந்தது.

இந்த இரண்டு அனுபவங்களின் தொடர்ச்சியாக 1996 முதல் சுற்றுச்சூழல் மாதிரி எடுப்பது முகமையின் வழக்கமான கண்காணிப்பில் சேர்ந்தது. வியன்னாவுக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள சைபர்ஸ்டோர்ஃபில் இதற்கென்றே தூய்மை ஆய்வகம் ஒன்று உருவானது.

படி 1: துடைப்பது

வேலை கெட்டுப்போவதற்கு அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

துணி 10-க்கு 10 சென்டிமீட்டர் பருத்தி. தூய்மை அறையில் பொதி செய்து, மூடி முத்திரையிட்டு வரும். கூடவே கையுறைகள், ஜிப்-லாக் பைகள், படிவம். இருவர் சேர்ந்து செய்யும் வேலை இது. ஒருவர் துணியைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். பையைத் திறப்பது, எண் எழுதுவது, படிவம் நிரப்புவது எல்லாம் மற்றவர் பாடு. ஒரே ஆள் இரண்டையும் செய்தால், கதவுப்பிடியில் இருந்த துகள் கையுறை வழியாகத் துணிக்கு வந்துவிடும். அப்புறம் அது எங்கே இருந்த துகள் என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கே துடைப்பது? தினமும் பெருக்கித் துடைக்கும் தரை அவ்வளவு உதவாது. காற்று போகும் குழாயின் மேற்புறம், விளக்குக் கூட்டின் மேல்தட்டு, மின்கம்பித் தாங்கியின் உள்விளிம்பு, பம்பின் அடிப்பகுதி என்று யாரும் கை வைக்காத இடங்களில் பழைய தூசி அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். ஆண்டுக்கணக்கான வரலாறு அங்கே இருக்கிறது. துடைத்த பக்கம் உள்ளே போகுமாறு மடித்து ஒரு பையில், அந்தப் பையை இன்னொரு பையில் போட வேண்டும். அதே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துணிகள் எடுப்பார்கள். ஒன்று அளக்க, மற்றது பிற்காலத்துக்காகச் சேமிக்க.

கட்டுப்பாட்டு மாதிரியை மறக்கவே கூடாது. எதையும் துடைக்காத ஒரு துணியை அதே இடத்தில், அதே கையுறையோடு திறந்து மூடி எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதில் ஒரு உயர்செறிவுத் துகள் கிடைத்தால், மற்ற துணிகளின் மேல் உள்ள நம்பிக்கை அந்த நிமிடமே ஆட்டம் காணும். ஆய்வாளர் முந்தைய வாரம் வேறு ஒரு செறிவூட்டல் நிலையத்துக்குப் போய் வந்தவராக இருக்கலாம். சட்டையில் ஒட்டிய துகளுக்கு விசா தேவையில்லை.

படி 2: முன்சோதனை

சைபர்ஸ்டோர்ஃபுக்கு வந்ததும் துணிக்கு ஒரு எண் மட்டும் இருக்கும், ஊர் பேர் இருக்காது. அளப்பவருக்கு எந்த நாடு என்று தெரியக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பையைத் திறக்காமலேயே காமாக் கதிர் அளவீடும் எக்ஸ்-கதிர் ஒளிர்வு அளவீடும் செய்து, யுரேனியம் தோராயமாக எவ்வளவு இருக்கிறது, கதிரியக்கம் அதிகமா என்று பார்ப்பார்கள். கதிரியக்கம் மிகுந்த மாதிரி தூய்மை அறைக்குள் போய்விடக் கூடாது. அது போனால் அறையே கெட்டுவிடும். பிறகு சில மாதிரிகள் அங்கேயே அளக்கப்படும், சில உறுப்பு நாடுகளில் உள்ள ஒப்புதல் பெற்ற ஆய்வகங்களின் வலையமைப்புக்குப் போகும்.

படி 3: துகளைத் துணியிலிருந்து எடுப்பது

சாதாரண மண்ணிலேயே பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு யுரேனியம் உண்டு. நாம் மூச்சு விடும் அறையின் தூசியிலும் அது இருக்கிறது. அதனால்தான் இந்த வேலை வடிகட்டிய காற்று ஓடும் தூய்மை அறையில், தலை முதல் கால் வரை மூடும் உடையில் நடக்கிறது.

எடுப்பதற்கு வெற்றிட உறிஞ்சியைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு சிறு மூக்கைத் துணியின் மேல் நகர்த்தும்போது காற்றோடு துகள்களும் உள்ளே போகும். எதிரே ஒரு அங்குல விட்டமுள்ள கார்பன் வில்லை. காற்று அதன் முன் சட்டென்று திரும்பிவிடும். கனமான துகளால் அந்த வேகத்தில் திரும்ப முடியாமல் வில்லையில் மோதி நிற்கும். யுரேனியத் துகள் மண் துகளைவிட அடர்த்தியானது என்பதால் இந்த உத்தி நமக்குச் சாதகம். வில்லையில் முன்பே பூசிய மெல்லிய ஒட்டுப்படலம் துகளைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வில்லையைச் சூடாக்கி அந்தக் கரிமப் பொருளை விரட்டிவிட வேண்டும். அது மிஞ்சினால் அளவீட்டில் தொல்லை தரும்.

துணியை ஆல்கஹால் போன்ற திரவத்தில் போட்டு மீயொலியால் உதிர்த்துச் சொட்டாக வைப்பது பழைய வழி. அதில் திரவம் உலரும்போது துகள்கள் குவியலாக ஒட்டிக்கொள்ளும். குவியல் என்றால் மறுபடி சராசரி. எதைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டோமோ அதே இடத்துக்குத் திரும்பிவிடுவோம். எனக்குத் தெரிவு இருந்தால் உறிஞ்சிதான்.

படி 4: லட்சக்கணக்கான தூசியில் யுரேனியத்தைத் தேடுவது

இங்கே இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது பிளவுத்தடம். துகள்களைப் பாலிகார்பனேட் படலத்தில் பதித்து, ஆராய்ச்சி உலைக்குள் நியூட்ரான்களில் காட்டுவார்கள். யுரேனியம்-235 உள்ள துகளில் பிளவுகள் நிகழும், சிதறும் துண்டுகள் பிளாஸ்டிக்கில் காயம் உண்டாக்கும். காரக் கரைசலில் ஊறவைத்தால் அந்தக் காயங்கள் நட்சத்திரம் போல விரியும். நட்சத்திரத்தின் நடுவில் இருக்கும் துகளை நுண்ணோக்கியின் கீழ் எடுத்து, ரீனியம் இழையில் வைத்துச் சூடாக்கி, வெப்ப அயனியாக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பார்கள். ஆய்வகத்தில் இதை ‘டிம்ஸ்’ என்பார்கள். துல்லியம் அருமை. ஆனால் உலை வேண்டும், நாள் பிடிக்கும், ஒவ்வொரு துகளுக்கும் மனிதக் கை வேண்டும்.

இரண்டாவது இரண்டாம்நிலை அயனி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், சுருக்கமாக ‘சிம்ஸ்’. ஆக்ஸிஜன் அயனிக் கற்றையால் வில்லையின் மேற்பரப்பை அடித்தால் அங்குள்ள அணுக்கள் சிதறும். சிதறியவற்றில் ஒரு பங்கு அயனியாக வெளியே வரும், அவற்றை உறிஞ்சி நிறைவாரியாகப் பிரிக்கலாம். தேடலுக்கு அகலமான கற்றையை வைத்து வில்லை முழுவதையும் கட்டம் கட்டமாக வருடுவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 235 எங்கே, 238 எங்கே என்று மென்பொருள் படம் வரைந்து, துகள்களின் இருப்பிடத்தையும் தோராயச் செறிவையும் பட்டியலிடும். சில மணி நேரத்தில் ஒரு வில்லை முடியும். ஆயிரக்கணக்கான துகள்கள் உள்ள வில்லையில் எவை கவனிக்கத் தக்கவை என்று அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

2011இல் சைபர்ஸ்டோர்ஃப் பெரிய வடிவச் சிம்ஸ் ஒன்றைப் பெற்றது. கமேக்கா நிறுவனத்தின் ஐஎம்எஸ் 1280-எச்ஆர், ஒரு அறையையே நிரப்பும் கருவி. புவியியலாளர்கள் பழம்பாறைகளில் உள்ள சிர்கான் படிகங்களின் வயதை அளக்கப் பயன்படுத்திய வகை அது. அளவு ஏன் முக்கியம் என்பது அடுத்த படியில் தெரியும்.

படி 5: அளப்பது

முதலில் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு மைக்ரான் விட்டமுள்ள யுரேனியம் டையாக்ஸைடு உருண்டையின் எடை 5.7 பிகோகிராம் (ஒரு பிகோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அதில் ஏறக்குறைய 1,280 கோடி யுரேனியம் அணுக்கள். கேட்க மிகப் பெரிய எண். இயற்கை யுரேனியம் என்றால் அவற்றில் 235 சுமார் 9 கோடி, 234 வெறும் 7 லட்சம். நூறு அணுக்களில் ஒன்று, கருவியில் அயனிகளை எண்ணும் உறுப்பான எண்ணிக்குப் போய்ச் சேர்வதாக வைத்தால், 234க்கு 7,000 எண்ணிக்கை கிடைக்கும். எண்ணிக்கையின் ஐயப்பாடு அதன் வர்க்கமூலம், இங்கே 84. அதாவது 1.2 சதவீதம். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. துகள் அரை மைக்ரானாக இருந்தால் பொருள் எட்டில் ஒரு பங்குதான், ஐயப்பாடு 3.4 சதவீதமாகிவிடும்.

அளக்க அளக்கத் துகள் கரைகிறது, இன்னொரு முறை வாய்ப்பில்லை. ஒரே ஒரு எண்ணியை வைத்து 234, 235, 236 என்று மாற்றி மாற்றி அளந்தால், ஒன்றை எண்ணும்போது மற்றவை வீணாகப் போகும். பெரிய கருவியில் பல எண்ணிகள் வரிசையாக இருப்பதால் எல்லா நிறைகளையும் ஒரே நேரத்தில் எண்ணலாம். இவ்வளவு சிறிய துகளிடம் அந்த வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல.

அடுத்தது போலிகள். தூசியில் ஈயம் உண்டு, அலுமினியம் உண்டு, சிலிக்கான் உண்டு. ஈயம்-208 ஒன்றும் அலுமினியம்-27 ஒன்றும் ஒட்டிய மூலக்கூறு அயனி நிறை 235இல் வந்து உட்காரும். ஈயம்-206 சிலிக்கான்-28ஓடு சேர்ந்தால் 234, ஈயம்-208 சிலிக்கானோடு சேர்ந்தால் 236. பழைய பெயிண்ட் உள்ள கட்டடத்தில் இது கட்டாயம் வரும். இந்தப் போலிகளின் உண்மை நிறை யுரேனியத்தைவிட இம்மி குறைவு. 235ஐ அதன் போலியிடமிருந்து பிரிக்க ஏறக்குறைய 2,750 அளவு நிறைப்பகுதிறன், அதாவது நெருங்கிய நிறைகளைப் பிரித்துக் காட்டும் திறன், போதும். சிறிய கருவியில் அந்தப் பகுதிறனுக்காக, அயனிகள் நுழையும் இடுக்கான பிளவுவாயைக் குறுக்கினால் அயனிகளில் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும். பெரிய கருவியின் காந்தம் பெரியது, பாதை நீளம். அதனால் வாயைக் குறுக்காமலேயே பிரித்துவிடும். அறையை அடைக்கும் இயந்திரம் எதற்கு என்பதற்கு இதுதான் விடை.

படி 6: ஹைட்ரைடு திருத்தம்

ஒரு போலியை மட்டும் பெரிய கருவியாலும் பிரிக்க முடியாது. யுரேனியம்-235ஓடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டினால் நிறை 236. உண்மையான யுரேனியம்-236இலிருந்து அதைப் பிரிக்க 38,000க்கு மேல் பகுதிறன் வேண்டும். அவ்வளவு தூரம் போனால் எண்ணுவதற்கு அயனியே மிஞ்சாது.

236 ஏன் அவ்வளவு முக்கியம்? இயற்கையில் அது இல்லை என்றே சொல்லலாம். உலைக்குள் 235 ஒரு நியூட்ரானை விழுங்கிப் பிளக்காமல் இருந்தால் 236 ஆகும். ஆக, ஒரு துகளில் 236 தெளிவாக இருந்தால், அந்த யுரேனியமோ அதில் கலந்த ஒரு பகுதியோ ஒரு காலத்தில் உலைக்குள் இருந்து வந்தது. ஒரு நாட்டின் மேல் வைக்கும் பெரிய கேள்வி அது. எனவே கணக்கில் விளையாடக் கூடாது.

திருத்துவது இப்படி. நிறை 239இல் வருவது யுரேனியம்-238 ஹைட்ரைடு, அதாவது 238ஓடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டியது. 239க்கும் 238க்கும் உள்ள விகிதமே ஹைட்ரைடு விகிதம். அதை 235இன் எண்ணிக்கையால் பெருக்கி, 236இலிருந்து கழிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. 4 சதவீதத் துகள் ஒன்றில் 238இன் எண்ணிக்கை 10,00,000, 235இல் 41,700, 239இல் 1,500, 236இல் 80. ஹைட்ரைடு விகிதம் 0.0015. 235 ஹைட்ரைடின் பங்கு 41,700 × 0.0015, அதாவது 63. மிச்சம் 17. அவசரக்காரர் ‘236 இருக்கிறது’ என்று எழுதிவிடுவார். ஆனால் 80இன் வர்க்கமூலம் 9. மிச்சம் 17, ஐயப்பாடு 9. இந்த ஆதாரத்தை வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது. அதே இடத்தில் 236இன் எண்ணிக்கை 300 ஆக இருந்தால் மிச்சம் 237, ஐயப்பாடு 17. இதை மறுக்க முடியாது. கருவி இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் வேலை செய்தது. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பது அளப்பவரின் கையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. துகளில் புளூட்டோனியம் இருந்தால் நிறை 239இல் புளூட்டோனியம்-239உம் வந்து சேரும், கணக்கு முழுவதும் தப்பாகும். ஹைட்ரைடு விகிதம் அசாதாரணமாக உயர்ந்து தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மற்றத் திருத்தங்கள் எந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் பொதுவானவை. இலேசான ஐசோடோப்பும் கனமான ஐசோடோப்பும் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள வகைகள்) சற்றே வேறுபட்ட திறனில் எண்ணப்படும், அதைத் தெரிந்த செறிவுள்ள தரப்பொருளை அளந்து சரிசெய்ய வேண்டும். எண்ணியின் முடங்குநேரம் (ஒன்றை எண்ணியதும் அடுத்ததை எண்ண முடியாத சிறு இடைவெளி), எண்ணிகளுக்கு இடையிலான திறன் வேறுபாடு இரண்டையும் அன்றன்றைக்குச் சரிபார்க்க வேண்டும்.

படி 7: நம்பிக்கையைச் சோதிப்பது

தரப்பொருளும் துகளாகவே இருந்தால்தான் சோதனை முழுமை பெறும். கரைசலை அளந்து காட்டுவது வேறு, ஒரு மைக்ரான் துகளை அளப்பது வேறு. ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையம் ஒரே அளவிலான யுரேனியம் ஆக்ஸைடு உருண்டைகளைச் செய்கிறது. அதிரும் நுண்துளை வழியாக யுரேனியம் கரைசலைச் சம அளவுத் துளிகளாகச் சிதறவிட்டு, காற்றிலேயே உலரவைத்து, உலையில் ஆக்ஸைடாக மாற்றுகிறார்கள். பெல்ஜியத்தின் கேல் நகரில் உள்ள ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம், விடை தெரியாத துகள்களை ஆய்வகங்களுக்கு அனுப்பி ஒப்பீட்டுச் சோதனைகள் நடத்தி வந்திருக்கிறது.

வெற்றுவில்லை ஒன்றை எல்லாப் படிகளிலும் கூடவே நடத்திச் செல்லுங்கள். துணி தொடாத வில்லையில் யுரேனியத் துகள் தென்பட்டால் அந்த வரிசை முழுவதையும் நிறுத்த வேண்டும். வேலை தாமதமாகும், பரவாயில்லை.

இன்னொரு பொறி, பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் துகள்கள். கற்றை இரண்டையும் சேர்த்து அடித்தால் 0.7-உம் 5-உம் சேர்ந்து 3 ஆகத் தெரியும். அளவீட்டின்போது விகிதம் நேரத்தோடு நகர்ந்துகொண்டே போனால் அது ஒற்றைத் துகள் அல்ல என்று சந்தேகியுங்கள். தேவையானால் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் நுண்கைக்கருவியால் துகளை எடுத்துத் தனியாக வைத்து அளக்கலாம். அதே நுண்ணோக்கி துகளின் உருவத்தையும் காட்டும். செறிவூட்டல் கூடத்தில் கசியும் யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து யுரேனைல் ஃபுளோரைடாக மாறும், அதில் ஃபுளோரின் இருக்கும். நாட்பட நாட்பட ஃபுளோரின் குறைந்துபோகும். இந்தத் தடயம் வயதைத் துல்லியமாகச் சொல்லாது, ஆனால் எந்த வகை வேலையில் பிறந்த துகள் என்று சொல்ல உதவும்.

படி 8: எண்களைப் படிப்பது

ஒரு துகளை வைத்து எழுதாதீர்கள். எல்லாத் துகள்களையும் ஒரே வரைபடத்தில் இடுங்கள். கிடையச்சில் 235, நிலையச்சில் 234. இன்னொன்றில் 235-உம் 236-உம். 5 சதவீதம் வரை என்று அறிவித்த மையவிலக்கு நிலையத்தில் (யுரேனிய வாயுவைச் சுழற்றிச் செறிவூட்டும் இடம்), செறிவு குறைந்த கழிவிலிருந்து இயற்கை அளவு வழியாக 5 வரை புள்ளிகள் ஒரு பட்டையாகப் பரவியிருக்கும். அது இயல்பு. பட்டையைவிட்டு வெகு தூரத்தில் தனியாக நிற்கும் புள்ளிக் கூட்டம்தான் கேள்வி.

கேள்வி எப்போதும் குற்றமாக முடிவதில்லை. 2003இல் ஈரானின் நதான்ஸ் செறிவூட்டல் நிலையத்திலும் தெஹ்ரானின் கலாயே எலக்ட்ரிக் பட்டறையிலும் உயர்செறிவுத் துகள்கள் கிடைத்தன. வெளிநாட்டிலிருந்து வாங்கிய மையவிலக்கு உதிரிபாகங்களோடு வந்த மாசு என்றது ஈரான். 2005இல் பாகிஸ்தான் தன்னிடமிருந்த பாகங்களை முகமைக்குக் கொடுத்தது. அவற்றில் துடைத்த துகள்களையும் ஒப்பிட்ட பிறகு, பெரும்பாலான உயர்செறிவு மாசு வெளிநாட்டிலிருந்து வந்தது என்ற விளக்கத்துக்கு முடிவுகள் மொத்தத்தில் ஆதரவாக இருப்பதாக அந்த ஆண்டு செப்டம்பரில் முகமை அறிவித்தது. துகள் அங்கே ஒரு நாட்டின் விளக்கத்துக்குத் துணை நின்றது.

சிரியாவில் எதிர்மாறு. 2007இல் இஸ்ரேல் குண்டு வீசி அழித்த டெய்ர் அல்-சோர் கட்டட வளாகத்துக்கு 2008 ஜூனில் போன ஆய்வாளர்கள் எடுத்த மாதிரிகளில் யுரேனியத் துகள்கள் இருந்தன. ஐசோடோப்பு விகிதம் இயற்கையானதுதான், ஆனால் வேதிமுறையில் பதப்படுத்திய யுரேனியம். இஸ்ரேலிய ஏவுகணைகளிலிருந்து வந்தவை என்றது சிரியா. துகள்களின் ஐசோடோப்பு, வேதிச்சேர்க்கை, உருவம் மூன்றும் யுரேனிய ஆயுதங்களில் எதிர்பார்ப்பதோடு பொருந்தவில்லை என்றது முகமை. செறிவு இயல்பாக இருந்தால் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த உதாரணத்தை நினைவில் வைக்க வேண்டும்.

இனி அந்த 83.7. 2023 ஜனவரியில் ஈரானின் ஃபோர்தோ செறிவூட்டல் நிலையத்தில் எடுத்த மாதிரியில் அந்தச் செறிவுள்ள துகள்கள் கிடைத்தன. அறிவித்திருந்த அளவு 60 சதவீதம். மையவிலக்கு அடுக்குகளின் இணைப்பை மாற்றியபோது தற்செயலாக ஏற்பட்ட ஏற்ற இறக்கம் என்றது ஈரான். துகள் சொன்னது, அந்த இடத்தில் 83.7 சதவீதப் பொருள் ஒரு கணமாவது இருந்தது என்பதை மட்டும். எவ்வளவு, எத்தனை நேரம், வேண்டுமென்றா என்பதைத் துகளிடம் கேட்க முடியாது. அதற்குச் சிலிண்டர் எடைகளையும் இயக்கப் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். மே மாதம் முகமை, கிடைத்த தகவல் ஈரானின் விளக்கத்தோடு முரண்படவில்லை, இப்போதைக்கு மேற்கொண்டு கேள்வி இல்லை என்று எழுதியது.

உங்கள் அறிக்கையையும் அந்த அளவோடு எழுதுங்கள்: எத்தனை துகள்கள் அளந்தோம், ஒவ்வொன்றின் விகிதம், அதன் ஐயப்பாடு, வெற்றுவில்லையின் நிலை, கட்டுப்பாட்டுத் துணியின் நிலை. கவனிக்கத்தக்க துகள் கிடைத்திருந்தால், அதே இடத்தில் எடுத்துச் சேமித்துவைத்த இரண்டாவது துணியை, முதல் முடிவைச் சொல்லாமல், இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.